விமான எஞ்சினும் ஒரு சின்ன மரையும்

"அவனுக்கு மரை கழண்டு போச்சு" என்று கேலியாகச் சொல்லுகிறோம். மரை என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்ததில்லை. திருகாணியின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் வரம்பு ஒரு மரை. அது போய் உட்காரும் துளைக்குள் அதே அளவில் ஓடும் பள்ளம் இன்னொரு மரை. இரண்டும் பொருந்தினால்தான் திருகாணி பிடிக்கும். வீட்டுக் குழாயிலிருந்து விமான எஞ்சின் வரை எல்லாம் இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தனியாக ஓர் ஓரத்துக்கு அழைத்தான். விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்கிறான். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் ஹாங்கரில் அப்போது பயிற்சியில் இருந்தான்.

"மாமா, உங்களை ஒண்ணு கேக்கணும். அப்பாகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லுப்பா."

"நேத்து ஒரு ஸ்பார்க் பிளக்கைத் திரும்ப மாட்டினேன். முதல் ரெண்டு சுத்து கையாலே போகலை. நேரமாயிடுச்சுன்னு ஸ்பேனர் போட்டு முறுக்கிட்டேன். கரகரன்னு இருந்தது, அப்புறம் உள்ளே போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லலை. திங்கட்கிழமை அந்த விமானம் பறக்கணும். ஒண்ணும் ஆகாதில்லே?"

விமானம் என் துறை அல்ல. நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் அந்தக் "கரகர" எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். "இப்பவே உன் மேலதிகாரிக்குப் போன் போடு, மற்றதை அப்புறம் பேசலாம்" என்றேன். பையன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு அன்று சொன்னதையும், பிறகு அவனுடைய பாடப் புத்தகங்களையும் பராமரிப்புக் கையேட்டையும் அவனோடு உட்கார்ந்து படித்தும், ஹாங்கருக்கே போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு அவனும் சம்மதித்தான்.

விமானத்தில் ஸ்பார்க் பிளக்கா?

நாம் ஊருக்குப் போய்வரும் பெரிய விமானங்களில் இருப்பவை ஜெட் எஞ்சின்கள். அவற்றை விட்டுவிடுவோம். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் சிறிய விமானங்களில் பெரும்பாலும் நம் காரில் இருப்பதைப் போன்ற பிஸ்டன் எஞ்சின்தான். 1955-ல் முதலில் பறந்த செஸ்னா 172 என்ற விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளிலும் அதைக் காணலாம். அதில் பல மாடல்களில் இருப்பது லைகாமிங் கம்பெனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவைக்குப் பொறி வைப்பது ஸ்பார்க் பிளக். காரில் பொதுவாக ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக். இந்த விமான எஞ்சின்களில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. மாக்னெட்டோ என்னும் மின்பொறிக் கருவியும் இரண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று எஞ்சினை ஓட்டும். நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம். மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர்.

வழக்கமாக 100 மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை எட்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, சோதித்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றிப் போடுகிறார்கள். விமானப் பெட்ரோலில் இன்றும் ஈயம் கலந்திருப்பதால் கீழ் பிளக்குகளில் ஈயக் கசடும் எண்ணெயும் சேரும். அதனால்தான் இந்த இடமாற்றம். இவ்வகை எஞ்சின்கள் பலவற்றுக்கு முழு ஓவர்ஹாலுக்கு முன் 2,000 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரே துளையில் குறைந்தது 20 தடவையாவது பிளக் கழன்று மறுபடி ஏறும். அந்த 20 தடவையும் மரை தாங்கவேண்டும்.

அலுமினியம் ஏன்?

விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்தபோதே அவர்கள் எஞ்சினின் கிராங்க் கேஸ் அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டது. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். இந்த எஞ்சின்களுக்கு ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. எதிரே வரும் காற்றுதான் குளிர்விக்கிறது. ஆகவே சிலிண்டர் ஹெட்டை அலுமினியத்தில், தகடு தகடாகத் துடுப்புகள் வைத்து வார்க்கிறார்கள்.

கீழே பிஸ்டன் ஓடும் பகுதி எஃகு. ஹெட்டைச் சூடாக்கி அந்த எஃகு உருளையின் மேல் திருகிவிடுகிறார்கள். குளிர்ந்ததும் ஹெட் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுவார்களே, அதே தத்துவம். ரயில் சக்கரங்களுக்கு டயர் மாட்டியதும் இப்படித்தான். எனவே கார் எஞ்சினைப் போல போல்ட்டைக் கழற்றி ஹெட்டை மட்டும் தனியே எடுத்துவிட முடியாது. ஹெட் கெட்டால் முழு சிலிண்டருக்கும் செலவு.

அலுமினியத்துக்குக் குறையும் உண்டு. எஃகைவிட அது மிகவும் மென்மை. ஒரு டிகிரி சூடு ஏறினால் 10 லட்சத்தில் சுமார் 23 பங்கு நீளும். சாதாரண எஃகு நீள்வது சுமார் 12 பங்குதான். எஞ்சின் ஓடும்போது ஹெட்டின் சூடு 200 டிகிரி சென்டிகிரேடை நெருங்கலாம். அறை வெப்பத்திலிருந்து 170 டிகிரி ஏறினால் 18 மில்லிமீட்டர் துளை 0.07 மில்லிமீட்டர் விரியும்; அதனுள் இருக்கும் எஃகு பிளக் அதில் பாதிதான் விரியும். சூட்டில் பிடி சற்றுத் தளரும், குளிரில் இறுகும். சூடான ஹெட்டில் ஒருவன் பிளக்கை முழு பலத்தோடு முறுக்கிவிட்டால், ஹெட் ஆறியதும் துளை பிளக்கைக் கவ்விக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது மரையும் கூடவே வரும்.

எஃகுச் சுருள்

இதற்குக் கண்டுபிடித்த மாற்று மிகவும் எளிமையானது. அலுமினியத் துளையைக் கொஞ்சம் பெரிதாக, 20 மில்லிமீட்டரை நெருங்கும் அளவில், அதற்கென்று உள்ள டேப்பால் மரை வெட்டுகிறார்கள். அதற்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்குகிறார்கள். பட்டறையில் இதை ஹெலிகாயில் என்பார்கள். பார்ப்பதற்குப் பேனா ஸ்பிரிங் மாதிரி இருக்கும். ஆனால் கம்பி உருண்டையல்ல. குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாய்சதுரமாகத் தெரியும். சதுரத்தின் வெளிமுனை அலுமினிய மரைப் பள்ளத்தில் உட்காருகிறது. உள்முனை பிளக்குக்கு மரையாகிறது. சுருளின் இயல்பான விட்டம் துளையைவிடச் சற்றே பெரிது. சுருக்கி உள்ளே விட்டதும் அது விரியப் பார்க்கும். அந்த விரிப்பாலேயே தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பலன் என்ன? பிளக் ஏறி இறங்குவது எஃகின் மேல். மெத்தென்ற அலுமினியத்தை அது தொடுவதேயில்லை. சுருளின் வெளிவிட்டம் பெரிது என்பதால் அலுமினியத்தில் பாரம் அதிகப் பரப்பில் பரவுகிறது. இப்படிச் செய்த மரை, வெறும் அலுமினியத்தில் வெட்டிய மரையைவிட வலுவானது. ஆகவே இதை ஒட்டுப் போட்ட வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். லைகாமிங், கான்டினென்டல் போன்ற எஞ்சின்களில் தொழிற்சாலையிலேயே பிளக் துளையில் இந்தச் சுருளைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பழுது பார்ப்பது என்றால் பெரும்பாலும் பழைய சுருளை எடுத்துப் புதுச் சுருள் போடுவதுதான்.

மரை எப்படிக் கெடுகிறது?

முதல் காரணம், நம் பையன் செய்தது. பிளக் ஒரு நூலளவு சாய்வாக நின்றாலும் அதன் முதல் மரை சரியான பள்ளத்தை விட்டு, குறுக்கே அடுத்த பள்ளத்தில் ஏறிவிடும். மெக்கானிக்குகள் இதைக் கிராஸ் திரெட் என்பார்கள். விரலால் திருகினால் அது நகராது. விரல் "நில்" என்று சொல்லும். ஸ்பேனருக்கு நீளமான கை. அது எதையும் சொல்லாது, வெட்டிக்கொண்டு போகும். சுருளின் மேல்சுற்று மடங்கிப் பிளக்கோடு சேர்ந்து உள்ளே இறங்கும்.

இரண்டாவது, கரி. பிளக்கின் அடிப்பக்க மரையில் கரியும் ஈயக் கசடும் படிந்து இறுகிவிட்டால், கழற்றும்போது பிளக்கோடு சுருளும் சேர்ந்து சுழன்று வெளியே வந்துவிடும். அப்படி இறுகிய பிளக்கை நெம்பக் கூடாது. கரியமில வாயு சிலிண்டரிலிருந்து ஒரு கூம்பு வழியாக பிளக்கின் உள்ளே மட்டும் வாயுவைப் பீய்ச்சினால் பிளக் குளிர்ந்து சுருங்கும். சுற்றியுள்ள ஹெட் சற்று வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. உறைபனியாய்ப் பூத்திருக்கும் அந்த நேரத்தில் ஸ்பேனர் போட்டால் பிடி விட்டுவிடும்.

மூன்றாவது, அளவுக்கு மேல் முறுக்குவது. லைகாமிங் எஞ்சினில் பிளக்கை 35 அடி-பவுண்டு, அதாவது சுமார் 47 நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும். கான்டினென்டலில் 25 முதல் 30 அடி-பவுண்டு. டார்க் ரெஞ்சில் அளந்து முறுக்க வேண்டியதைக் கைவாக்கில் முறுக்கி, "நல்லா டைட்டா இருக்கட்டும்" என்று கூடுதலாக ஒரு இழுப்பு இழுப்பவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு.

அப்படியே பறந்தால்?

எரியும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டர் பிளக்கின் பரப்பு இரண்டரை சதுர சென்டிமீட்டர். ஆக, பிளக்கை வெளியே தள்ளும் விசை சுமார் 125 கிலோ. நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 20 தடவை எரிகிறது. ஒரு மணி நேரத்தில் 72,000 உதைகள். இவ்வளவையும் தாங்குவது எட்டோ பன்னிரண்டோ சுற்று மரை. அதில் இரண்டு மூன்று அறுந்திருந்தால் மீதமுள்ளவற்றின் மேல் பாரம் கூடும்.

முதலில் வாயு கசியும். பிளக்கின் சூட்டில் பெரும்பகுதி மரை வழியாகவும் அடியிலுள்ள செப்பு வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. பொருத்தம் சரியில்லாத பிளக் சூடேறிக்கொண்டே போகும். மடங்கிய சுருளின் நுனி எரி அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பழுக்கக் காய்ந்து, பொறி வரும் முன்பே கலவையைக் கொளுத்திவிடும். இந்த முன்னெரிப்பு பிஸ்டனையே உருக்கக் கூடியது. கடைசியில் பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம்.

இங்கேதான் பையன் ஒரு கேள்வி கேட்டான். "ஒரு பிளக் போனா இன்னொண்ணு இருக்கே மாமா?" நல்ல கேள்வி. ஒரு பிளக் பொறி விடாமல் போனால் மற்றது காப்பாற்றும். ஆனால் பிளக்கே துளையை விட்டுப் போனால், அந்த சிலிண்டரில் அழுத்தமே நிற்காது. மற்ற பிளக் பொறி விட்டும் பயனில்லை. நாலில் ஒரு சிலிண்டர் முழுக்கப் போய், எஞ்சின் உதறும். துளை வழியாகத் தீ வாயு எஞ்சின் மூடிக்குள் பாயும். எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வைத்தவர்கள் மரையை மட்டும் இரண்டாக வைக்க முடியவில்லை. இது நடக்கக்கூடிய நேரமும் மோசமானது. எஞ்சின் முழு பலத்தில் ஓடுவது விமானம் தரையை விட்டு எழும்பும்போதுதானே!

நான் மறைத்த மரை

பையனை நான் அவ்வளவு அவசரப்படுத்தியதற்கு வேறு காரணம் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் நான் ரயில்வேயில் பயிற்சியாளனாகச் சேர்ந்த புதிது. தண்டவாளத்தைப் பார்வையிட மோட்டார் டிராலியில் போவோம். அதில் சின்ன பெட்ரோல் எஞ்சின், அலுமினிய ஹெட். ஒரு நாள் காலை டிராலி டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட பிளக்கைக் கழற்றித் துடைத்து நானே மாட்டினேன். அதே கரகர. முறுக்கினேன், போய்விட்டது. டிரைவர் வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், வெட்ட வெளியில், "டப்" என்று ஒரு சத்தம். பிளக் பறந்து போய்விட்டது. கொளுத்தும் வெயிலில் டிராலியைத் தள்ளிக்கொண்டே அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தோம். லைன் எங்கள் வசம் இருந்ததால் ஒரு பாசஞ்சர் வண்டி அவ்வளவு நேரமும் எங்களுக்காகக் காத்து நின்றது. மேலதிகாரி டிரைவரைத்தான் பிடித்துக்கொண்டார். "பிளக்கைக்கூடச் சரியாப் போடத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த மனிதர் என்னை ஒரு முறை பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றும் நான் சொல்லவில்லை.

டிராலி நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம். ஆகாயத்தில் இறங்கித் தள்ள முடியாது. இதைத்தான் பையனிடம் சொன்னேன்.

எப்படிச் சரி செய்கிறார்கள்?

இது படித்துவிட்டு வீட்டில் செய்கிற வேலை அல்ல. டி.ஜி.சி.ஏ. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் பொறுப்பில், எஞ்சின் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடிதான் செய்யவேண்டும். ஆனாலும் முறை தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பாதுகாப்பு. மாக்னெட்டோக்களின் சுவிட்ச் அணைந்து, அவை சரியாக எர்த் ஆகியிருக்கின்றனவா என்று பார்க்காமல் புரொப்பெல்லரைத் தொடக்கூடாது. பேட்டரியே இல்லாமல் பொறி உண்டாக்கக்கூடியது மாக்னெட்டோ. கையால் சற்றுச் சுற்றினாலும் எஞ்சின் உதைக்கலாம்.

பிறகு பார்வை. விளக்கும் கண்ணாடியும் வைத்துத் துளையை நோக்க வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது மரையை அல்ல, விரிசலை. பிளக் துளையிலிருந்து வால்வு இருக்கை பக்கமாக ஹெட்டில் விரிசல் ஓடுவதுண்டு. சாயம் ஊற விட்டுச் சோதித்தால் அது கோடாகத் தெரியும். விரிசல் இருந்தால் எந்தச் சுருளும் காப்பாற்றாது; அந்த சிலிண்டரை ஒதுக்க வேண்டியதுதான். "கொஞ்சம் வெல்டிங் வைத்துவிடலாம்" என்ற பேச்சு ஹாங்கரில் எடுபடாது.

விரிசல் இல்லையென்றால் பழைய சுருளை எடுப்பார்கள். கூரிய விளிம்புள்ள எடுப்புக் கருவியைச் சுருளின் மேல்சுற்றில் லேசாகத் தட்டிப் பதியவைத்து, அழுத்தியபடியே இடப்பக்கமாகச் சுற்றினால் சுருள் முழுசாக வெளியே வரும். உளி வைத்துக் குத்தி எடுத்தால் அடியிலுள்ள அலுமினிய மரை போய்விடும். அதுதான் தாய் மரை. அது நன்றாக இருக்கும்வரை சுருளை எத்தனை தடவையும் மாற்றலாம்.

அடுத்தது தாய் மரையைச் சுத்தம் செய்வது. கருவியின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் கரித் தூளும் உலோகத் துகளும் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். சிலிண்டரைக் கழற்றி மேஜை மேல் வைத்துச் செய்வது இதனால்தான் உத்தமம். தாய் மரை சற்றுத் தளர்ந்திருந்தால் அதற்கென்றே சற்றுப் பெரிய அளவுச் சுருள் உண்டு.

புதுச் சுருளின் கீழ்முனை உள்பக்கமாக மடங்கி ஒரு சிறு வால் போல இருக்கும். மாட்டும் கருவி அந்த வாலைப் பிடித்துச் சுருளைச் சுருக்கித் துளைக்குள் திருகி இறக்குகிறது. சுருளின் நீளம் பிளக்கின் நீளத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். விமான பிளக்குகளில் சுமார் 12.7 மில்லிமீட்டர் மரை நீளமுள்ள குட்டை வகையும், 20.6 மில்லிமீட்டருள்ள நெட்டை வகையும் உண்டு. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்றில் மரை வெறுமையாகக் கிடந்து கரி பிடிக்கும். மற்றதில் பிளக் அறைக்குள் நீட்டிக்கொள்ளும். சுருளின் மேல்முனை வாஷர் உட்காரும் பரப்புக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கீழ்முனை எரி அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

பிறகு நீள மூக்கு இடுக்கியால் வாலை முன்னும் பின்னும் அசைத்து ஒடித்து எடுத்துவிட வேண்டும். எடுத்த வாலைக் கண்ணால் பார்த்து, கையில் வைத்துக்கொள்ள வேண்டும். "எங்கேயோ விழுந்திருக்கும்" என்பது விடை அல்ல. சுருளின் மேல்சுற்றில் சிறு பற்கள் வைத்த வகையாக இருந்தால், விரிக்கும் கருவியால் அந்தப் பற்களை அலுமினியத்தில் பதியவைக்கிறார்கள். பிளக்கோடு சுருள் சுழலாமல் இது தடுக்கும்.

கடைசிப் பரீட்சை விரலுக்கு. புது வாஷரோடு பிளக்கைக் கையாலேயே திருகிப் பார்க்கவேண்டும். வாஷர் போய் உட்காரும்வரை தடையில்லாமல் இறங்கினால் வேலை சரி. அப்புறம்தான் டார்க் ரெஞ்ச். எஞ்சினை ஓட்டி, ஒவ்வொரு மாக்னெட்டோவாக அணைத்துச் சுற்று எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். செய்ததை லாக் புத்தகத்தில் எழுதி, உரிமம் பெற்றவர் கையெழுத்திட்ட பிறகே விமானம் பறக்கலாம். அந்தக் கையெழுத்து இல்லாமல், எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் பழுது தீர்ந்ததாகக் கணக்கில்லை.

நம் வீட்டு வண்டிக்கும்

வாசகர்களில் பலரிடம் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ இருக்கும். அவற்றின் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியம்தான். மேலே சொன்ன முறுக்கு அளவுகளை அதில் போட்டுவிடாதீர்கள். பிளக் சிறியது, அளவும் குறைவு. ஆனால் பழக்கம் ஒன்றே.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைத் தொடுங்கள். துளையைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஊதிவிடுங்கள். மாட்டும்போது பிளக்கைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற பக்கமாக, மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மரை "டக்" என்று இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் குறுக்கே ஏறாது. வாஷர் உட்காரும்வரை விரல் மட்டுமே. பிறகு ஸ்பேனரால், புது வாஷரென்றால் ஏறக்குறைய அரைச் சுற்று. வண்டிக் கையேட்டில் அளவு இருந்தால் அதுவே சரி. விமான பிளக்கில் மரைக்குக் கிராஃபைட் பசை தடவுவார்கள். அதிலும் நுனி மரையை விட்டுவிட்டு, ஒரு துளிதான். அதிகமானால் சூட்டில் வழிந்து பொறி விடும் முனையை மூடிவிடும். கீழே விழுந்த பிளக்கை அவர்கள் மறுபடி மாட்டுவதில்லை. உள்ளே பீங்கான் கீறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

போன் பேசிய பிறகு

அன்று மண்டப வாசலில் பையன் போன் பேசிவிட்டு வர பத்து நிமிஷம் ஆயிற்று. "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"விமானத்தின் நம்பரும் எந்த சிலிண்டர்னும் கேட்டார் மாமா. நான் சொன்னதும், விமானத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிடறேன், திங்கட்கிழமை காலையிலே சீக்கிரம் வா, நீயே கூட இருந்து கழற்றுன்னார். திட்டவே இல்லை."

திங்கட்கிழமை கழற்றிப் பார்த்தபோது சுருளின் மேல் ஒன்றரைச் சுற்று நசுங்கி மடங்கியிருந்ததாம். தாய் மரைக்குச் சேதமில்லை. சிலிண்டரை இறக்கிப் புதுச் சுருள் போட்டு, மூன்றாம் நாள் விமானம் தயாராயிற்று. நான் பின்னால் ஹாங்கருக்குப் போனபோது அந்த மேலதிகாரியைப் பார்த்தேன். மலையாளி, என் வயதுக்காரர். "சார், மரை கெடுக்காத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை" என்றார். "ஆனால் வந்து சொல்கிற பையனிடம் மட்டும்தான் நான் தைரியமாகப் பிளக்கைக் கொடுப்பேன்."

பழைய சுருளைப் பையன் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். எனக்குக் காட்டினான். கையில் வாங்கிப் பார்த்தேன். நசுங்கிய கம்பி, ஒரு எடையுமில்லை. என் டிராலி டிரைவருடைய முகம் நினைவுக்கு வந்தது. இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. நாற்பது வருஷம் கழித்து, அவரிடம் சொல்லவேண்டியதை இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.